எதையும் எதையும் மிஸ்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கற்பிப்பது பற்றி ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மதியம் ஆளுக்கொரு கறுப்புத் துணியைக் கொடுத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு அறையைச் சுற்றி வரச் சொன்னார்கள். நாற்காலியில் இடித்துக்கொண்டோம், ஒருவர் மேல் ஒருவர் மோதினோம், சிரித்தோம், துணியை அவிழ்த்தபோது சிலருக்குக் கண் கலங்கியிருந்தது. "பாவம், எப்படித்தான் வாழ்றாங்களோ" என்றார் பக்கத்தில் இருந்தவர். எனக்கும் அதேதான் தோன்றியது. சான்றிதழை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த வருடம் பார்வையற்ற மாணவி ஒருத்தி என் வகுப்பில் சேர்ந்தாள். கையைப் பிடித்து இழுத்துப் போய் முதல் பெஞ்சில் உட்கார வைக்கப் பார்த்தேன். "மிஸ், கையை விடுங்க, நான் உங்க முழங்கையைப் பிடிச்சுக்கிறேன்" என்றாள். சரி என்று பாடத்தை ஆரம்பித்து, வழக்கம்போலப் பலகையில் எழுதிக்கொண்டே "இதையும் இதையும் கூட்டினால் இது வரும்" என்றேன். "எதையும் எதையும் மிஸ்?"

எழுதுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதைக்கூட அந்தப் பயிற்சி எனக்குச் சொல்லித் தரவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் தடுமாறுகிறவருக்குத் தெரிவதெல்லாம் இருட்டின் பயம்தான், வெள்ளைக் கோலோடும் பிரெய்லியோடும் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரோடும் வளர்ந்த ஒருத்தியின் திறமை அதில் எங்கே இருக்கிறது?

2006இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை இப்படிப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருவதை வெறும் நல்லெண்ணமாக விடவில்லை. ஆசிரியர், மருத்துவப் பணியாளர், காவல்துறை, சிறைப் பணியாளர் என்று பெயர் சொல்லியே அவர்களுக்குப் பயிற்சி தரக் கேட்கிறது. அதன் 24வது பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது, பலரும் தாண்டிப் போய்விடுகிற வரி: மாற்றுத்திறனாளிகளையும் ஆசிரியர்களாக நியமிக்க வேண்டும் என்பது. உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க உடற்குறைபாடோ மனநலம், அறிவுத்திறன் சார்ந்த குறைபாடோ இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அப்படியிருக்க, படிப்பின் கடைசியில் ஒட்டவைத்த ஒருநாள் பயிலரங்கு எந்த மூலைக்கு?

பல வருடம் கழித்து இன்னொரு பயிற்சி. நடத்தியவர் காது கேளாதவர், பக்கத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர். நாங்கள் எல்லோரும் மொழிபெயர்ப்பாளரையே பார்த்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தோம். பயிற்சி நடத்தியவர் சட்டென்று நிறுத்தி, தன்னைச் சுட்டிக்காட்டி, "நான் இங்கே இருக்கிறேன்" என்று சைகை செய்தார். அறையே அடங்கிவிட்டது. சக்கர நாற்காலியில் வந்தவரை விட்டுவிட்டு, கூட வந்தவரிடம் "இவருக்கு என்ன செய்யுது?" என்று கேட்கும் மருத்துவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். (நானும் அப்படிக் கேட்டிருக்கிறேன், அம்மாவிடம் பிள்ளையைப் பற்றி, பிள்ளையை எதிரில் வைத்துக்கொண்டே.)

அந்தப் பயிற்சியாளர், எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசச் சொன்னார், திக்குகிறவரின் வாக்கியத்தை நாம் முடித்து வைக்கக் கூடாது என்றார், கேட்காமல் சக்கர நாற்காலியைத் தள்ளாதீர்கள் என்றார். அப்புறம் ஆறு மாதம் கழித்து, நாங்கள் வகுப்பில் சிக்கிக்கொண்ட இடங்களை மட்டும் பேச மறுபடி வந்தார். அந்த இரண்டாவது வருகையில்தான் நான் நிஜமாகக் கற்றுக்கொண்டேன், கேட்பதற்கு அப்போது என்னிடம் கேள்விகள் இருந்தன.

அடுத்த மாதம் புது ஆசிரியர்களுக்கான பயிற்சியில் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நிகழ்ச்சி நிரலில் மதியம் 2 மணிக்கு 'கண்கட்டி அனுபவம்'. அதை எடுத்துவிட்டு அந்த ஒரு மணி நேரத்தை என் பழைய மாணவிக்குக் கொடுங்கள், அவளும் இப்போது ஆசிரியைதான், எனக்குத் தரும் அதே தொகையை அவளுக்கும் தாருங்கள் என்று எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.