தொட்டுப் பார்க்க முடியாத சேலை

கைத்தறிச் சேலைகளை இணையத்தில் விற்கும் சிறு கடை ஒன்றுக்காக, இரண்டு மாதங்களாகச் சேலைகளின் விவரப் பக்கங்களை ஒவ்வொன்றாக எழுதி வருகிறேன். எனக்குத் தரப்பட்ட அட்டவணையில் ஏறத்தாழ எல்லா வரிசைகளிலும் "அழகிய பருத்திச் சேலை, விழாக்களுக்கு ஏற்றது" என்ற ஒரே வாசகம் ஒட்டப்பட்டிருந்தது. துணியைத் தொட்டுப் பார்க்க இயலாத ஒருவருக்கு அது எதையும் சொல்வதில்லை.

நீளம் ஐந்தரை மீட்டரா, ரவிக்கைத் துணியுடன் சேர்த்து ஆறு மீட்டருக்கு மேலா, கரை எத்தனை அங்குலம், முதல் சலவையில் சாயம் இறங்குமா என்பவற்றை அளந்தும் நெசவாளரிடம் கேட்டும் எழுதுகிறேன்.

நிறம்தான் மிகக் கடினம். குழல்விளக்கில் எடுத்த படத்தில் அரக்கு நிறம் பழுப்பாகத் தெரிந்ததால், அந்தப் படங்கள் அனைத்தையும் சன்னலோர வெளிச்சத்தில் மீண்டும் எடுத்தோம். 'அரக்கு' என்று தேடுபவரும் 'மெரூன்' என்று தேடுபவரும் ஒரே சேலையை வந்தடைய வேண்டும் என்பதால், இரண்டு சொற்களையும் பக்கத்தில் சேர்க்கிறேன்.

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை 2019இல் புவிசார் குறியீடு பெற்றது; அதாவது, குறிப்பிட்ட பகுதியில் மரபான முறையில் உருவாகும் பொருளுக்கே அந்தப் பெயர் உரியது என்ற சட்டப் பாதுகாப்பு. ஆகவே விசைத்தறியில் நெய்த கட்டம் போட்ட சேலையைக் கண்டாங்கி என்று எழுத நான் உடன்படவில்லை. விற்பனை குறையும் என்று முதலில் தயங்கிய கடை உரிமையாளரும் பின்னர் ஏற்றுக்கொண்டார்.

பொட்டலப் பொருள்களை இணையத்தில் விற்போர் அதிகபட்சச் சில்லறை விலை, தயாரிப்பாளர் பெயர், முகவரி முதலியவற்றைக் காட்ட வேண்டும் என்ற விதி 2018 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. அந்தக் கட்டங்களையும் நிரப்பிவிட்டேன். நெய்தவரின் பெயருக்குத் தனியாக ஒரு கட்டம் கேட்டிருக்கிறேன்.