நாள் தள்ளிப்போகிற மாத்திரை

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மெடிக்கலில் 18 வருடமாக நிற்கிறேன். பண்டிகை வருவதைக் காலண்டர் பார்த்து நான் தெரிந்துகொள்வதில்லை. ஆடி வெள்ளி, மாசி மகம், யார் வீட்டிலாவது புதுமனை புகுவிழா என்றால் முந்தின வாரமே பெண்கள் வந்துவிடுவார்கள். பையன்கள் யாராவது கவுண்டரில் இருந்தால் ஓரமாக நின்று, நான் திரும்பும்வரை காத்திருந்து, "அக்கா, நாள் தள்ளிப்போற மாத்திரை" என்பார்கள். மேல்மருவத்தூருக்குச் சக்தி மாலை போட்டவர்கள் மட்டும் அதற்காகக் கேட்பதில்லை. அங்கே அந்த நாட்களிலும் உள்ளே போகலாம்.

மாத்திரையின் பெயர் நோரெத்திஸ்டிரோன். உடம்பில் புரோஜெஸ்டிரோன் என்கிற ஹார்மோன் சரியும்போதுதான் கருப்பையின் உள்படலம் உதிரும். அந்தச் சரிவு தெரியாமல் இது தாங்கிப் பிடிக்கும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் தீட்டு வந்துவிடும். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து, ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு ஆகாது. சேர்ந்த புதிதில் நானும் சீட்டுக் கேட்காமல் கொடுத்திருக்கிறேன். பத்து மாத்திரைதானே என்ற நினைப்பு.

ஒரு மாசி மகத்துக்கு முந்தின வாரம் தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் விற்கிற அம்மா ஒருவர் வந்தார். 45 வயது இருக்கும். தீர்த்தவாரிக்குச் சாமியெல்லாம் அவர்கள் கடற்கரைக்குத்தான் வரும், வீடு நிறைய உறவுக்காரர்கள். மாத்திரையை எப்போது ஆரம்பிப்பது என்று கணக்குப் போடத்தான், "கடைசியா எப்பம்மா தலைக்கு ஊத்துனீங்க?" என்றேன். வேறு புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை.

"எங்க ஊத்துறது? தைப்பூசத்துக்கு வடலூர் போயிட்டு வந்தன்னிக்கு வந்தது. இன்னும் நிக்கல. இந்த வயசுல அப்படித்தானாமே."

விரல் விட்டு எண்ணினேன். மூன்று வாரம். மணிக்கு ஒரு துணி, கட்டி கட்டியாகப் போகிறது என்றார். உள்ளங்கை வெளுத்திருந்தது. மாத்திரை தராமல், பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவரை விடாமல் நச்சரித்தேன். ஹீமோகுளோபின் 12க்குக் குறையக் கூடாது, அவருக்கு 6தான் இருந்தது. கருப்பையில் நார்த்திசுக் கட்டி. ரத்தம் ஏற்றினார்கள்.

அதற்கப்புறம் யார் வந்தாலும் தேதி கேட்கிறேன். இத்தனை நாள் கேட்காமல் விட்டது எவ்வளவு என்று அப்போதுதான் புரிந்தது. 33 நாளாகிவிட்டதே என்று அழுதவர்கள் உண்டு. 28 என்பது சட்டம் இல்லை, 21லிருந்து 35 நாள்வரை சரிதான். வயதுக்கு வந்த முதல் ஓரிரு வருடம் 45 நாள்கூட ஆகும். ஆனால் கல்லூரிப் பெண் ஒருத்தி நான்கு மாதமாக வரவில்லை என்றபோது, கூட வந்த அம்மா "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்றார். அந்தப் பெண்ணின் மோவாயில் முடியும் முளைத்திருந்தது. பிசிஓஎஸ் என்கிற ஹார்மோன் கோளாறாக இருக்கலாம், தைராய்டாகவும் இருக்கலாம். ஸ்கேன் மட்டும் போதாது, ரத்தப் பரிசோதனையும் வேண்டும். மாத்திரைக்காரி என்ன சொல்வது என்று முறைத்தார். சரி, முறைக்கட்டும். தீட்டு நின்று மூன்று வருடம் கழித்து மறுபடி வந்ததை, வயசு திரும்புது என்று சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு பாட்டியை அன்றே டாக்டரிடம் அனுப்பினேன். ஒரு வருடம் நின்றபின் ஒரு சொட்டு பட்டாலும் பார்த்தாக வேண்டும்.

"கேள்வி கேட்டே ஆளை அனுப்பிடற" என்கிறார் முதலாளி. பொய்யில்லை. சீட்டோடு திரும்பி வருகிறவர்கள் பாதிகூட இல்லை. மீதிப் பேர் எதிர்க்கடைப் படியேறுவது என் கவுண்டரிலிருந்தே தெரிகிறது.