18 இடங்கள், ஒரு கட்டைவிரல்

மார்ச் 3, செவ்வாய்

மூன்று வருடமாக உடம்பெல்லாம் வலி. இன்றைக்குத்தான் அதற்குப் பெயர் கிடைத்தது: ஃபைப்ரோமயால்ஜியா. சொன்ன கையோடு மருத்துவர், "பொதுவா இது பெண்களுக்குத்தான் வரும்" என்றார். என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அக்காவுக்குப் பத்து வருடமாக இதே நோய். போன் செய்தேன். "வாடா, எங்க சங்கத்துல சேந்துக்கோ" என்று சிரித்தாள்.

மார்ச் 4, புதன்

தூக்கமில்லை. தோள்பட்டை. வேறு எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 7, சனி

'பெண்கள் நோய்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். 1990-இல் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ருமட்டாலஜி என்ற மூட்டு, தசை நோய் மருத்துவர்களின் சங்கம் வகுத்த அளவுகோல் இது: உடம்பு முழுக்கப் பரவிய வலி 3 மாதமாவது இருக்க வேண்டும், குறிப்பிட்ட 18 இடங்களை விரலால் அழுத்தினால் 11 இடத்திலாவது வலிக்க வேண்டும். அழுத்தம் சுமார் 4 கிலோ. சமையலறைத் தராசில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். 4 கிலோ வருவதற்குள் நகம் வெளுத்துவிட்டது.

சிக்கல் இங்கேதான். நோயே இல்லாத பெண்களுக்கும், சராசரியாகப் பார்த்தால், ஆண்களைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே வலிக்கத் தொடங்கிவிடும். அதனால் 11-ஐ எட்டுவது ஆண்களுக்குக் கடினம். வலி இருக்கும், எண்ணிக்கை தேறாது. பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள் என்ற கணக்கில் இதற்கும் பங்கு உண்டு. 2010-இல் அழுத்துவதைக் கைவிட்டார்கள். 19 இடங்களில் எங்கெல்லாம் வலி என்று கேட்டு, களைப்பு, தூக்கம், நினைவு மந்தம் இவற்றுக்கும் மதிப்பெண் போட்டார்கள். புதிய முறையில் பொதுமக்களிடையே எடுத்த ஆய்வுகளில் பெண்-ஆண் இடைவெளி ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று, சிலவற்றில் அதற்கும் கீழே.

மார்ச் 8, ஞாயிறு

உற்சாகமாக இதை அக்காவிடம் ஒப்பித்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்போ எங்க வலியெல்லாம் அளந்தவன் செஞ்ச தப்பா?"

அவள் கேட்டது நியாயம். இடைவெளி சுருங்கியது, மறையவில்லை. மீதிக்கு உடம்பிலும் காரணம் இருக்கலாம். வலியை ஆராயும் ஜெஃப்ரி மோகிலும் சக ஆய்வாளர்களும் 2015-இல் வெளியிட்ட சுண்டெலி ஆய்வு ஒன்று உண்டு. நரம்பில் அடிபட்ட ஆண் எலிகளின் தண்டுவடத்தில் மைக்ரோகிளியா என்ற நோயெதிர்ப்பு செல்களைத் தடுத்தால் வலி தணிந்தது. பெண் எலிகளுக்குத் தணியவில்லை. அவற்றில் வலியைத் தூண்டும் அந்த வேலையை டி செல்கள் என்ற வேறு வகை நோயெதிர்ப்பு செல்கள் செய்வதாகத் தெரிந்தது. ஒரே வலி, வேறு வழி. எலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதற்கு முன் வலி ஆராய்ச்சியில் பெரும்பாலும் ஆண் விலங்குகளையே பயன்படுத்தினார்கள் என்பதைப் படித்துச் சொன்னதும் அக்கா கேட்டாள்: "எலியிலகூட ஆம்பளையத்தான் கேட்டாங்களா?"

மார்ச் 12, வியாழன்

பழைய கோப்புகளை இருவரும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எனக்கு முதுகெலும்பு ஸ்கேன் இரண்டு முறை எடுத்திருக்கிறார்கள். இந்த நோயாக இருக்கலாம் என்று மூன்று வருடம் யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கு ஸ்கேன் எதுவும் இல்லை. முதல் சீட்டிலேயே 'பதற்றம்' என்று எழுதியிருந்தது.

மார்ச் 15, ஞாயிறு

இப்போது இருவருக்கும் ஒரே சீட்டுதான்: தினமும் நடை, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். பத்தாவது நிமிடத்தில் நான் உட்கார்ந்துவிட்டேன். அக்கா இன்னொரு சுற்று போய்விட்டு வந்தாள்.