நாணலில் இல்லாத நாணல் கதிர்க்குருவி

2024 அக்டோபர் 6, பாளையங்கோட்டை

காலை 6.20 மணிக்கு, உண்ணிச்செடியும் செம்பருத்தியும் பின்னிக் கிடக்கும் பின்புற வேலி மூலையிலிருந்து, நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்தாற்போன்ற ‘டக்’ என்னும் ஒற்றை ஒலி விட்டுவிட்டுக் கேட்டது. தையல்சிட்டு ஓயாமல் கத்துவதைப் போல் இது இல்லை. இலைகள் அசைந்த இடத்தையே பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தும், ஒரு பழுப்பு முதுகு நகர்ந்து மறைந்ததற்கு மேல் எதுவும் தெரியவில்லை.

2024 அக்டோபர் 9

இன்று கோவைக்கொடி இடைவெளியில் முழுப் பறவையும் வெளிப்பட்டது. தையல்சிட்டைவிடச் சற்றுப் பெரியது, மேல்பக்கம் கோடோ புள்ளியோ இல்லாத மங்கிய பழுப்பு, அதில் மிக இலேசான ஆலிவ் சாயல், தொண்டை வெண்மை. கதிர்க்குருவி இனம் என்பதில் ஐயமில்லை. ஆனால் நாணல் கதிர்க்குருவிகளை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிட்டேன். நாணலும் சம்பும் வளர்ந்த குளம் இங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க, நீரே இல்லாத வேலியில் அந்தப் பறவைக்கு என்ன வேலை என்று எண்ணியதுதான் என் பிழை.

2024 அக்டோபர் 13

நேற்று எடுத்த படங்களில் ஒன்று தெளிவாக அமைந்தது. அதைப் பெரிதாக்கி இரவு முழுவதும் பார்த்தேன். அலகு நீளமானது, கீழலகு வெளிறிய சதை நிறமாகத் தொடங்கி நுனிக்கு முன் கருக்கிறது. வெளிறிய புருவக்கோடு அலகுக்கும் கண்ணுக்கும் இடையில்தான் துலங்குகிறது. கண்ணைத் தாண்டியதும் கரைந்துவிடுகிறது. வயல் கதிர்க்குருவியாக இருந்தால் அந்தக் கோடு கண்ணுக்குப் பின்னும் நீண்டு, மேலே ஒரு கரிய விளிம்போடு நிற்கும். அலகும் குட்டையாக இருக்கும். வாலின் நுனி வட்டமாக இருப்பதாலும், ஓரச் சிறகுகளில் வெண்மை இல்லாததாலும், முள்காடுகளில் திரியும் சிறு கதிர்க்குருவிகளையும் விலக்கிவிடலாம். மடித்த இறக்கையின் நுனி உட்சிறகுகளைத் தாண்டிச் சிறிதளவே நீள்கிறது. எல்லாம் ஒரே பெயரைத்தான் சுட்டுகின்றன: பிளித் நாணல் கதிர்க்குருவி. கல்கத்தாவில் ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்த எட்வர்ட் பிளித், 1849-இல் இதை விவரித்தார். அவர் இட்ட அறிவியல் பெயரின் பிற்பகுதி ‘புதர்களுக்குரியது’ என்றே பொருள்படுகிறது. நாணல் என்பது குடும்பத்தின் பெயர். இந்தப் பறவையின் வீடு புதர்தான்.

2024 நவம்பர் 3

இரண்டு நாள் மழைக்குப் பிறகும் அதே மூலையில் இருக்கிறது. பின்லாந்திலிருந்து ரஷ்யா, கஜகஸ்தான் வழியாகச் சைபீரியாவின் பைக்கால் ஏரிப் பக்கம் வரை இது கோடையில் கூடு கட்டுகிறது. குளிர்காலத்திற்கு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. பின்லாந்துப் புதர்களில், தோற்றத்தில் எளிதில் பிரித்தறிய முடியாத அளவுக்கு இதை ஒத்திருக்கும் சதுப்புக் கதிர்க்குருவியும் வாழ்கிறது. கோடை முடிந்ததும் அது ஆப்பிரிக்காவுக்குப் போக, இது தென்கிழக்கே திரும்பி நம்மிடம் வந்துவிடுகிறது. அங்கே பெரும் தலைவலியாக இருக்கும் அடையாளச் சிக்கல் இங்கே எழுவதில்லை என்றால், அதற்குக் காரணம் நம் கண்ணின் கூர்மை அன்று, பறவை தேர்ந்துகொண்ட திசை. ஏறத்தாழ 12 கிராம் எடையுள்ள உடல் 6,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து இந்த உண்ணிச்செடிக்கு வந்திருக்கக்கூடும் என்று நினைக்கும்போது, வேலியருகே காலடி வைக்கவே கூச்சமாக இருக்கிறது.

2025 ஜனவரி 16

பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்காகத் தெருவை நடந்தேன். அடர்ந்த வேலியும் குப்பைமேட்டுச் செடிகளும் உள்ள மூன்று இடங்களில் ‘டக்’ கேட்டது. புல்தரையும் அழகுச்செடிகளும் வளர்த்த வீடுகளில் ஒன்றுகூட இல்லை. வேப்பமரத்தின் உச்சியில் இன்னொரு வலசைப் பறவையான இளம்பச்சைக் கதிர்க்குருவி கூவிக்கொண்டிருந்தது. ஒன்றுக்கு மரத்தின் மேல்தளம், மற்றொன்றுக்குத் தரையை ஒட்டிய இருள்.

2025 மார்ச் 9

அடுத்த மனையை இயந்திரம் வைத்து வழித்துவிட்டார்கள். அங்கிருந்த நொச்சியும் ஆவாரையும் மண்ணோடு போயின. அந்தப் பக்கத்துக் குரலும் நின்றுவிட்டது. உரிமையாளர் செய்தது தவறென்று சொல்ல எனக்கு உரிமையில்லை, மனம்தான் ஆறவில்லை.

2025 ஏப்ரல் 12

ஐந்தரை மணிக்கு, ஆறு மாதமாக ஒற்றை ஒலி மட்டுமே தந்த மூலையிலிருந்து பாட்டு வந்தது. தணிந்த குரலில் ஒரு துணுக்கை இரண்டு மூன்று முறை நிதானமாகச் சொல்லி, இடையில் ‘டக் டக்’ வைத்து, அடுத்த துணுக்குக்குப் போனது. பிற பறவைகளின் குரல்களைக் கோத்துப் பாடுவது இதன் இயல்பு. வடக்கே, ஜூன் மாதத்து வெளிச்சம் மங்காத இரவுகளில் முழுக் குரலில் பாடப்போவதன் ஒத்திகையை நான் வாளியைக் கையில் பிடித்தபடியே நின்று கேட்டேன்.

2025 ஏப்ரல் 29

நான்கு நாள்களாகச் சத்தமில்லை. வேலியைக் கழிக்க வரும் அண்ணனிடம், அடிப்பக்கத்தைத் தொடாமல் மேலே மட்டும் வெட்டி, அந்த வேலையையும் ஆடிக்குள் முடித்துத் தரச் சொல்லியிருக்கிறேன். புரட்டாசி முடிவதற்குள் அது மீண்டும் அடர்ந்துவிடும்.