கப்பல் ஏறிய ஓமலூர்க்காரரின் உறவுகள் யாராவது இருக்கிறீர்களா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் ஒரு அக்கா, தன் கொள்ளுத்தாத்தாவின் ஊரைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். கையில் இருப்பது கப்பல் பட்டியலின் ஒரே வரி. 1860 முதல் 1911 வரை டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு, பெரும்பாலும் கரும்புத் தோட்டங்களுக்கு, ஒப்பந்தக் கூலிகளாகப் போன ஒன்றரை லட்சம் பேரையும் இப்படித்தான் பதிந்தார்கள்: எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், அங்க அடையாளம். அக்காவின் கொள்ளுத்தாத்தாவுக்கு இடது முழங்காலில் தழும்பு. படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஜில்லா சேலம், தாலுகா ஓமலூர். ஊர்ப்பெயர்தான் உருமாறிக் கிடக்கிறது, இரண்டு மூன்று ஊர்களுக்குப் பொருந்துகிறது. நிலவரிக்காக எழுதிய பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் நிலம் வைத்திருந்தவர் பெயர்தான் ஏறும். கூலிக்காரர் பெயர் எங்கே வரும்? அதனால் குலதெய்வத்தையும் பங்காளிகளையும்தான் நம்புகிறேன். அக்கா வீட்டில் இன்னமும் முனியப்பனுக்குப் பொங்கல் வைக்கிறார்களாம். எந்த முனியப்பன் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஓமலூர், தாரமங்கலம் பக்கத்து உறவுகளே, கப்பலேறிப் போய்த் திரும்பாத யாரைப் பற்றியாவது உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதுண்டா? தயவுசெய்து அவர்களிடம் ஒருமுறை கேட்டுவிட்டு இன்பாக்ஸில் வாருங்கள். தை மாதம் அக்கா சேலம் வருகிறார்.