கீரிமலையில் குளித்தவர்கள் ஜெனட்ஸ் ஃபொஸ்ஸில் இறங்கும்போது

ஓகஸ்ட் வெயிலை நம்பி இங்கிலாந்தின் ஜெனட்ஸ் ஃபொஸ் அருவித் தடாகத்தில் இறங்கினால் மூச்சடைக்கும். யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணியில் ஓடிவந்து பாய்ந்த உடம்புக்கு அது பெரிய ஏமாற்றம். இரண்டு இடத்திலும் சுண்ணாம்புக்கல்தான். ஆனால் கல்லுக்குள் கிடந்து வரும் நீர் அந்தந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தைத்தான் கொண்டுவரும். இது யோர்க்‌ஷயர் மேட்டுநிலம். ஒரு வெயில் நாளால் அந்தக் குளிர் தணியாது.

ஆகவே பாயக் கூடாது. கரையில் நின்று முகத்தையும் பிடரியையும் நனைத்து, மெல்ல இறங்குங்கள். 15 பாகைக்குக் கீழான நீர் மூச்சிரைக்க வைக்கும். பெரும்பாலும் 90 வினாடிக்குள் அடங்கிவிடும். அதுவரை நீந்தாமல் மல்லாந்து மிதப்பதே பாதுகாப்பு. முதல் தடவைக்கு இரண்டு நிமிடம் போதும். கரையேறிய பிறகும் உடம்பு உள்ளே குளிர்ந்துகொண்டே போகும். ஈர உடுப்பைக் கழற்றித் துவாயால் துடைத்து, மேலுடம்பை முதலில் மூடி, பிளாஸ்க்கிலிருந்து இஞ்சித் தேத்தண்ணி குடியுங்கள். உடுப்பு மாற்ற இங்கே விலை கூடிய அங்கி விற்கிறார்கள். எங்கட கிணத்தடிச் சாரம் அந்த வேலையை அழகாகச் செய்யும். காலுக்குப் பழைய சப்பாத்து வேண்டும். செருப்பு பாசியில் வழுக்கும். பெருமழைக்கு மறுநாள் இறங்கவே வேண்டாம்.

செலவு பெரும்பாலும் பயணத்துக்குத்தான். ஸ்கிப்டன் வரை ரயில். 5 முதல் 15 வயதுப் பிள்ளை கூட வந்தால் குடும்ப ரயில் அட்டை பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு 60 வீதமும் குறைக்கும். அங்கிருந்து மால்ஹம் கிராமத்துக்கு பஸ் மிகக் குறைவு. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் மிச்சம்பிடித்த காசு டாக்சிக்குப் போகும், திரும்பும் நேரத்தை முதலில் பாருங்கள். கிராமத்திலிருந்து 1.6 கிலோமீற்றர் நடை, நுழைவுக் கட்டணம் இல்லை. பக்கத்து இங்கிள்டன் அருவிப் பாதைக்குக் கட்டணம் உண்டு.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கவேண்டும்: அருவியின் பாசி படிந்த கல்திரையில் ஏறாதீர்கள். அது வெறும் பாறை அல்ல. மண்ணில் கரியமில வாயுவை உறிஞ்சிய மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. விழுந்து சிதறும்போது வாயு பறக்க, சுண்ணாம்பு பாசியிலேயே படிகிறது. அப்படித்தான் இந்தக் கல் மெல்ல மெல்ல வளர்ந்தது. ஒரு கால் மிதித்தால் நொறுங்கும். சவர்க்காரம், ஷாம்பு எதுவும் வேண்டாம். முன்பு மயிர் கத்தரிக்கும் முன் ஆடுகளைக் குளிப்பாட்டிய தடாகம்தான். அதற்காக நாங்கள் நுரை விடத் தேவையில்லை.

பிள்ளைகளுக்கு இந்தக் கல்லைப் புரியவைக்க லண்டன் வீட்டுக் கேத்திலின் அடியைக் காட்டினால் போதும். சூட்டில் வாயு வெளியேற, அதே வெள்ளைப் படிவு. யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணியைக் காய்ச்சும் பாத்திரத்திலும் அதுதான். அம்மம்மா புளி போட்டுத் தேய்த்தால் அது கரைந்து போகும்.