கயிறு உருட்டத் தெரியாமல் பாழாக்கிய இரண்டு சட்டிகள்

மூன்றாவது சட்டி போன சனிக்கிழமை தீயிலிருந்து உடையாமல் வெளியே வந்தது. அதற்கு முந்தைய இரண்டின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேலை மாறி, ஜப்பானில் டோக்கியோவுக்குப் பக்கத்திலிருக்கும் சீபாவுக்கு வந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோகாமல் காசோரி கிளிஞ்சல் மேட்டைப் பார்க்கப் போனேன். ஜோமோன் என்கிற ஜப்பானியக் கற்காலத்து மக்கள் தின்றுவிட்டுப் போட்ட கிளிஞ்சல் ஓடுகள் சேர்ந்து சேர்ந்து, வடக்கே வளையமாக ஒரு மேடு, தெற்கே குதிரை லாடம் போல இன்னொரு மேடு. வடக்கு மேட்டின் குறுக்களவே சுமார் 140 மீட்டர். அங்கே வைத்திருந்த சட்டிகளில் என் கண் போய் நின்றது மேலெல்லாம் ஓடிய கயிற்றுத் தடத்தில். ஜோமோன் என்ற சொல்லுக்கே அதுதான் பொருள். 1877-இல் டோக்கியோவின் ஓமோரியில் தோண்டிய அமெரிக்க விலங்கியலாளர் எட்வர்ட் மோர்ஸ், கிடைத்த சட்டி ஓடுகளைக் 'கயிற்றுத் தடமிட்டவை' என்று ஆங்கிலத்தில் எழுதினார். அதன் ஜப்பானிய மொழிபெயர்ப்பே பிறகு ஒரு யுகத்தின் பெயராகிவிட்டது.

கயிறுதானே, என்ன பெரிய வேலை என்று நினைத்தேன்.

சட்டி வனைவதில் அவ்வளவு தொல்லை இல்லை. ஜோமோன் மக்களுக்குச் சக்கரமும் கிடையாது, சூளையும் கிடையாது. மண்ணில் மணல் கலந்து பிசைந்து, திரியாக உருட்டி, வளையம் வளையமாக அடுக்கி, இணைப்பை விரலால் இழுத்து மூட வேண்டும். முதல் சட்டி இரண்டு மாலைகளில் எழுந்துவிட்டது. நூறு யென் கடையில் வாங்கிய சணல் கயிற்றை அதன்மேல் சுற்றி அழுத்தினேன். பார்சல் கட்டிய மாதிரி இருந்தது! தண்ணீர் வாளியில் ஊறப்போட்டு மறுபடி மண்ணாக்கிவிட்டேன்.

அப்புறம்தான் படித்தேன். துணியோ பாயோ அழுத்திய தடம் என்றுதான் ஆய்வாளர்களும் வெகுகாலம் நினைத்திருக்கிறார்கள். முறுக்கிய சிறு கயிற்றை ஈரமண்மேல் உருட்டினால் இந்தத் தடம் விழும் என்று 1931-இல் கண்டுபிடித்தவர் யாமானோஉச்சி சுகாவோ என்ற ஜப்பானியத் தொல்லியலாளர். சுற்றுவதும் இல்லை, அழுத்துவதும் இல்லை. சப்பாத்திக் கட்டையைப் போல உருட்ட வேண்டும். தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். நான் மட்டும் ஏமாறவில்லை.

இரண்டாவது சட்டியில் உருட்டினேன். சணல் பிசிறு மண்ணில் ஒட்டிக்கொண்டது, கயிறு பாதியில் பிரிந்தது. ஆக, கயிற்றை நாமே திரிக்க வேண்டும். ராமி என்ற செடியின் நார் கொஞ்சம் வரவழைத்து, தொடையில் வைத்து ஒரு பக்கமாக முறுக்கி, அப்படி இரண்டு புரிகளை எதிர்ப்பக்கமாகச் சேர்த்து முறுக்கினேன். விரல் நீளம் போதும். முதல் பத்தும் குப்பைக்குப் போயின. முறுக்கு தளர்ந்த இடம் எல்லாம் தடத்தில் வழுக்கையாகத் தெரிந்துவிடும், மறைக்க வழியே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. தடம் கண்ணாடி பிம்பம் மாதிரி விழுகிறது. கயிற்றில் வலப்பக்கம் சாய்ந்த புரி மண்ணில் இடப்பக்கம் சாயும். ஆகவே சங்கில் சொல்வது போல வலம்புரி ஒன்று, இடம்புரி ஒன்று என்று இரண்டு கயிறு திரித்து, ஒரு பட்டைக்கு ஒன்று, அடுத்த பட்டைக்கு மற்றது என மாற்றி உருட்டினால் மீன்முள் போன்ற கோலம் வரும். டோக்கியோவைச் சுற்றிய கான்டோ பகுதியில் ஜோமோனின் முற்பகுதிச் சட்டிகளில் இது நிறைய. இரண்டையும் நடுவில் முடிச்சுப் போட்டு ஒரே உருட்டில் முடித்தவர்களும் உண்டு. ஆறாயிரம் ஆண்டுக்கு முந்தைய சோம்பேறித்தனமா, கெட்டிக்காரத்தனமா என்று தெரியவில்லை, நானும் முடிச்சே போட்டேன்.

இரண்டாவது சட்டியின் தடம் சுமார்தான். அதையும் ஜூன் மழைக்காலத்தில் ஒரே வாரம் காயவைத்துத் தீயில் வைத்தேன். பத்தே நிமிடத்தில் பட்டாசுச் சத்தம். மண்ணுக்குள் இருந்த ஈரம் ஆவியாகி, பக்கவாட்டில் உள்ளங்கை அகலத் துண்டைப் பிய்த்துக்கொண்டு போனது.

மூன்றாவதை அக்டோபரில் செய்தேன். நகத்தால் கீறினால் மண் ஒட்டாமல் கோடு விழும் பதத்தில் கயிற்றை உருட்டினேன். உள்பக்கத்தைக் கூழாங்கல்லால் தேய்த்தேன். ஒரு மாதம் நிழலில் உலர்த்தினேன். தரையில் தீ மூட்ட அனுமதிக்கும் முகாமைத் தேடிப் பிடிப்பதே பெரிய பாடு. இங்கே பல இடங்களில் அது கூடாது. முதலில் தீயிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து, திருப்பித் திருப்பி ஒன்றரை மணி நேரம் சூடேற்றினேன். பிறகுதான் தணல் நடுவே வைத்து, சுற்றிலும் விறகு அடுக்கினேன். சட்டி முதலில் கரிப்பிடித்துக் கன்னங்கரேல் என்றாகும். பயந்துவிடக் கூடாது. சூடு ஏற ஏற அந்தக் கரி எரிந்து, கறுப்பு கழன்று, செம்மண் நிறம் வெளியே வரும். அந்த ஐந்து நிமிடத்துக்காகவே இன்னொரு சட்டி செய்யலாம்.

ஆறியதும் தண்ணீர் ஊற்றினேன். வெளிப்புறம் முழுக்க வியர்த்தது, கீழே சொட்டியது. குறைந்த சூட்டில் வெந்த மண் இப்படித்தான் கசியும். அதற்கும் வைத்தியம் உண்டு: மாவுச்சத்து உள்ளது எதையாவது கொதிக்கவிட்டால் துளை அடைபடும். நொய்யரிசிக் கஞ்சி வைத்தேன். அரை மணியில் சொட்டு நின்றது, அடியில் மட்டும் ஈரம் இருந்தது.

"நீங்களே குடிங்க, புகை நாத்தம்" என்றாள் மனைவி. குடித்தேன். உப்பு போட மறந்திருந்தேன்.